கரும்புகை ஊதும் பிக்கப்புகள்: மாநிலச் சட்டமன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். டீசல் பிக்கப்பை மாற்றியமைத்து, சைக்கிளில் போகிறவர் மேலும் மின்சாரக் கார் மேலும் வேண்டுமென்றே கரும்புகை ஊதும் 'ரோலிங் கோல்' பற்றி எழுதுகிறேன். "அதுதான் ஏற்கெனவே சட்டவிரோதம் ஆயிற்றே" என்பீர்கள். சரி, சட்டவிரோதம்தான். மத்திய அரசின் தூய காற்றுச் சட்டப்படி, புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தெரிந்தே கழற்றக் கூடாது. அதை முடக்கும் பாகங்களை விற்கவும் கூடாது, பொருத்தவும் கூடாது. அப்புறம் எப்படி இத்தனை வண்டிகள் ஓடுகின்றன? பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இந்தக் கருவிகளை எடுத்துவிட்டார்கள் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2020-இல் கணக்குச் சொன்னது.

வேலை அவ்வளவு சுலபம். கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டுகிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு கையகலக் கருவியைச் செருகி, இன்ஜின் கணினியில் வேறு மென்பொருளை ஏற்றுகிறார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால், உள்ளே வரும் காற்றால் எரித்து முடிக்க முடியாத அளவு டீசல் பாயும். மிச்சம் கரியாக வெளியே வரும். விற்றவரைக் கேட்டால் பெட்டியில் ஒட்டிய 'பந்தயத்துக்கு மட்டும்' ஸ்டிக்கரைக் காட்டுவார். எந்தப் பந்தயமோ!

மத்திய முகமை துரத்துவது பெரும்பாலும் விற்பவர்களையும் பட்டறைகளையும். கண்ணெதிரே புகை விட்டுப் போகிறவனுக்கு அபராதச் சீட்டு எழுத ரோந்துப் போலீஸ்காரருக்கு மாநிலச் சட்டம் வேண்டும். நியூ ஜெர்சி 2015-இல் புகையைக் கூட்டும் கருவி பொருத்துவதையே தடை செய்தது. கொலராடோ 2017-இல், பிறர் பார்வையை மறைக்கும்படி தெரிந்தே புகை விட்டால் 100 டாலர் அபராதம் என்றது. ரோட்டில் உதவுவது கொலராடோ வழிதான், ஆனால் 100 டாலரெல்லாம் இவர்களுக்கு ஒரு பொருட்டா? 'தெரிந்தே' என்று நிரூபிப்பதும் லேசில்லை. இரண்டு வழிகளும் சேர்ந்த சட்டம் கொண்டுவாருங்கள்.

டெக்சாஸின் வாலர் பகுதியில் 2021 செப்டம்பரில், புகை ஊதியதாகச் சொல்லப்பட்ட ஒரு பிக்கப் ஆறு சைக்கிள்காரர்கள் மேல் மோதியது. ஓட்டிய சிறுவனை அங்கேயே கைது செய்யவில்லை. வழக்குப் பதிய நவம்பர் ஆயிற்று. ஆள் விழுந்த பிறகுதான் வழக்கா? மோதாமல் போனாலும் புகையே ஆபத்துதான்: டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே அறிவித்துவிட்டது.

பழைய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி மாட்டிக்கொள்வாரே என்ற கவலை நியாயமானது. அவருக்கு விலக்கு எழுதுங்கள். தொழிற்சாலையிலிருந்து வடிகட்டியோடு வந்த பிக்கப்புக்கு எந்தச் சாக்கும் வேண்டாம். கை மாறும் வண்டி பெயர் மாற்றத்துக்கு வரும்போது, வடிகட்டி இருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்ப்பதையும் கட்டாயமாக்குங்கள். வடிகட்டி இல்லையென்றால், அதைத் திரும்பப் பொருத்தும்வரை பதிவு கிடையாது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒருவர்