ஆசிரியர் பங்கு கால்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்குத் தமிழில் நான்கு வரி சொந்தமாக எழுத வரவில்லை என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதாது என்ற முடிவுக்கே எல்லோரும் வருகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற நான், குறை வேறிடத்தில் இருப்பதாகவே கருதுகிறேன். தமிழாசிரியரின் வேலை இன்னதென்று நாங்கள் உள்ளூர எதை நம்புகிறோமோ, அதுதான் வகுப்பை நடத்துகிறது. பயிற்சியில் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது தொடக்க வகுப்புகளில் இருந்தேன். பாய்கள், பாட அட்டைகள், கற்கும் வரிசையைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி வரைபடங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்வான கரும்பலகை எல்லாம் வந்தன. பிள்ளைகள் தாமே அட்டையை எடுத்துப் படித்து அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். ஆனால் எங்களில் சிலர் அந்த அட்டையையும் உரக்கப் படித்து, வகுப்பு முழுவதையும் திருப்பிச் சொல்ல வைத்தோம். அப்படிச் செய்யும்படி எவரும் சொல்லவில்லை. வாய் திறக்காமல் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பது, வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவதாக எங்களுக்குப் பட்டது.

உயர்நிலை வகுப்புகளிலும் இதே நிலைதான். செய்யுளைச் சீர் பிரித்துப் படித்து, சொற்பொருள் சொல்லி, பொருளுரை எழுதிப்போடுவதே கற்பித்தல் என்று எங்களுக்குக் கற்பித்தவர்களிடமிருந்து பெற்றோம். பாடநூலில் ‘கற்பவை கற்றபின்’ என்று கலந்துரையாடவும் பேசவும் தரப்பட்டுள்ள பகுதியை, தேர்வில் வராது என்று ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். தேர்வு உண்மையான காரணம்தான். அதைவிட ஆழத்தில் இருப்பது, பிள்ளைகள் பிழையாகப் பேசினால் தமிழ் கெட்டுவிடும், அதைக் காப்பதே நம் கடமை என்ற நம்பிக்கை. அதில் மொழிப்பற்று இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ‘வந்துச்சு’ என்று பேசத் தொடங்கிய வியாசர்பாடிச் சிறுமியை அந்தச் சொல்லிலேயே நிறுத்தித் திருத்தினால், மறுமுறை அவள் எழுந்து பேசுவதில்லை.

என்னை மிகவும் உறுத்துவது, நாங்களே பாடம் சொல்லும் நன்னூல் இதற்கு நேர்மாறாகச் சொல்வதுதான். ஆசான் உரைத்ததை நன்றாகக் கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரை என்று பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் கணக்குச் சொல்கிறார். அந்த நூற்பாவை மனப்பாடமாகச் சொல்லும் நாங்கள், பிள்ளைகளுக்குரிய முக்காலையும் எங்களிடமே வைத்துக்கொண்டோம்.

ஆகவே, பணியிடைப் பயிற்சியில் இன்னொரு புதிய உத்தியைச் சொல்லித்தருவதற்கு முன், ஆசிரியர் தம் வகுப்பு ஒன்றைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, தாம் எவ்வளவு நேரம் பேசினோம், பிள்ளைகள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதைத் தாமே கேட்டறிந்து, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியர்களோடு மனம்விட்டுப் பேச இடமளிக்க வேண்டும் என்று கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிவு அதிகாரிகள் கைக்குப் போகக் கூடாது. போகும் என்று தெரிந்தால், அன்றைக்கென்று தயாரித்த வகுப்பைத்தான் எவரும் பதிவு செய்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பெரம்பூர், சென்னை.