மூன்றாம் இயலில் நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பியதைக் காலையில்தான் பார்த்தேன். "அக்கா, 8 மாதமாக மூன்றாம் இயலிலேயே நிற்கிறேன், விட்டுவிடலாமா என்று இருக்கிறது." இதற்கு இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை. நானும் வேலைக்குப் போய்க்கொண்டே ஆய்வேடு எழுதியவள், அதே மாதிரி நடு வழியில் நின்றவள்.

நேரமே கிடைப்பதில்லை என்கிறாய். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு தடவை 15 நாள் விடுப்புப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நான்கு நாளும் நான் எழுதியதை நானே படித்துப் புரிந்துகொள்வதிலேயே போய்விட்டது. எந்தத் தரவை எதற்காக எடுத்து வைத்தேன், இந்தப் பத்திக்கு அப்புறம் என்ன சொல்ல வந்தேன், எதுவும் நினைவில் இல்லை. அழுகை வந்தது. விடுப்பு கையில் இருந்தும் விட்ட இடம் தெரியாமல் தவித்த அந்த நான்கு நாளை இன்றும் மறக்க முடியவில்லை.

ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் கொஞ்சம் பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று ஸோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். அலுவலகத்தில் ஆய்வேட்டை நினைப்பதும், ஆய்வேட்டின் முன்னால் உட்கார்ந்தால் அலுவலக மின்னஞ்சலை நினைப்பதும் அதுதான். அவரும் தெரசா குளோம்பும் 2018-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழியும் இருக்கிறது: எங்கே விட்டோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுருக்கமாகக் குறித்துவிட்டு எழுந்தால் அடுத்த வேலையில் மனம் நன்றாக இறங்குகிறது. நான் செய்தது இவ்வளவுதான். கடைசி ஐந்து நிமிடம் புதிதாக எதுவும் எழுதாமல், கோப்பின் அடியில் "அட்டவணை 4 முந்தைய ஆய்வோடு ஏன் ஒத்துப்போகவில்லை? நாளை இங்கிருந்து" என்பது போல ஒரு வரி போட்டுவைப்பேன். அந்த வரி இருந்த நாட்களில் 40 நிமிடம் கிடைத்தாலும் அரைப் பக்கம் வந்தது.

மேற்கோள்களை அன்றன்றே ஸோட்டெரோ என்ற, மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளில் ஏற்றிவிடு. பக்க எண்ணோடு. அது இலவசம்தான், தள்ளிப்போடக் காரணமே இல்லை.

இணையத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் சொல்ல வேண்டியதாக இருக்கிறது. ஓர் இயலைக் கொடுத்தால் நெறியாளர் படித்துத் திருப்பித் தர வாரங்கள் ஆகும், ஒரு பதிவு போட்டால் ஆறு நிமிடத்தில் யாராவது பேசுகிறார்கள், நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்த மனசு பதில் கிடைக்கிற பக்கம் போகத்தானே செய்யும்? அதை நான் குற்றமாகச் சொல்லவே மாட்டேன். ராத்திரி 11 மணிக்கு, எனக்குக் கிடைக்காத ஒரு கட்டுரையை முகம் தெரியாத ஒருவர் தேடி அனுப்பியிருக்கிறார், அந்தத் துணை இல்லாமல் நான் முடித்திருக்க மாட்டேன். ஆனால் ஒன்று நடந்தது. என் ஆய்வின் முக்கியமான வாதத்தையே ஒரு நாள் நீளமான பதிவாக எழுதிவிட்டேன், எல்லோரும் பாராட்டினார்கள், அப்புறம் அதை இயலில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சொல்லியாகிவிட்டது என்று மனசு நினைத்துக்கொண்டது. அதே வாதத்தை ஆய்வேட்டுக்குள் கொண்டுவர இரண்டு மாதம் ஆனது. அதன் பிறகு எதையும் முதலில் இயலில் எழுதினேன், எவ்வளவு மோசமாக வந்தாலும் சரி, அப்புறம்தான் வெளியே பேசினேன். போன மாதம் நீ போட்ட அந்த மூன்று நீண்ட பதிவுகளையும் நான் படித்தேன், தம்பி. அவை மூன்றாம் இயலில் இருக்க வேண்டியவை. அப்படியே எடுத்து உள்ளே ஒட்டு, நடையை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்.

விடுவதா வேண்டாமா என்பதை இந்த வாரம் முடிவு செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்த இயலை எனக்கு அனுப்பு, பாதி வாக்கியங்கள் அறுந்து கிடந்தாலும் பரவாயில்லை. நான் உன் நெறியாளர் இல்லை, திருத்தவும் மாட்டேன். படிக்கும்போது எந்த இடத்தில் எனக்குப் பிடி விட்டுப்போகிறதோ அங்கே மட்டும் ஒரு கோடு போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா