கழித்தல் குறி வேறு, சிறுகோடு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் தமிழ்வழிக் கணித வழிகாட்டிகளும் மாதிரி வினாத்தாள்களும் கடைகளில் குவிகின்றன. ஐந்தாறு பக்கம் புரட்டினாலே கண்ணில் படுவது இது: கழித்தல் குறி வரவேண்டிய இடத்தில் சொற்களை இணைக்கும் சிறுகோடு, பெருக்கல் குறிக்குப் பதில் ஆங்கில எக்ஸ், ஒரே வரியில் இரண்டு வடிவில் எண்கள், அடிக்குறியாகப் போட்ட தமிழ்ச் சொல்லில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம். கேட்டால், தமிழுக்கு நல்ல கணித எழுத்துரு கிடையாது என்கிறார்கள். கணித எழுத்துருவுக்குள் தமிழ் இருக்க வேண்டிய தேவையே இல்லை. லேட்டெக் என்ற இலவச அச்சமைப்பு முறையில் சில அமைப்புகளை மாற்றினாலே இவை அனைத்தும் தீரும். (கீழே கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம், தட்டச்சு செய்யும்போது அவற்றுக்கு முன் பின்சாய்கோடு சேர்க்க வேண்டும்.)

முதலில் எழுத்துரு. உரைக்கு ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சமன்பாடும் அதிலேயே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. உரை எழுத்துருவை டைம்ஸ் வகைக்கு மாற்றினாலும் சமன்பாடு, லேட்டெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் கனூத் வடிவமைத்த கம்ப்யூட்டர் மாடர்ன் வடிவிலேயே நிற்கும். அது மெல்லிய கோடுகள் கொண்டது, தடித்த தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் வெளிறித் தெரியும். கணிதத்துக்குத் தனி எழுத்துரு தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. அடுக்கு எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும், வர்க்கமூலக் கோட்டின் தடிமன் என்ன, அடைப்புக்குறி நீளும்போது எந்தத் துண்டுகளை ஒட்ட வேண்டும் என்ற அளவுகள் அட்டவணையாக எழுத்துருவுக்குள்ளேயே இருக்க வேண்டும். 2007 ஆபீஸ் தொகுப்போடு வந்த கேம்பிரியா மேத் இந்த அட்டவணையைப் பரவலாக்கியது. இன்று லத்தீன் மாடர்ன் மேத், டெக் கைர் டெர்மஸ் மேத், ஸ்டிக்ஸ் டூ மேத், லிபர்டினஸ் மேத் எல்லாம் விலையின்றிக் கிடைக்கின்றன.

எங்கள் பரிந்துரை, யூனிகோட் எழுத்துருக்களை நேரடியாக ஏற்கும் லுவாலேட்டெக் என்ற லேட்டெக் வடிவம். அதில் சமன்பாட்டுக் கட்டளைகளைத் தரும் ஏஎம்எஸ்மேத் என்ற துணைத் தொகுப்பை முதலில் ஏற்றி, அதன் பிறகே கணித எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் யூனிகோட்-மேத் தொகுப்பை ஏற்ற வேண்டும். வரிசை மாறினால் பிந்தியது முந்தியதன் வரையறைகளை அழித்துவிடும். 'செட்மேத்ஃபான்ட்' கட்டளையில் டெர்மஸ் மேத்தையும் 'செட்மெயின்ஃபான்ட்' கட்டளையில் அதன் உரை இணையான டெர்மஸையும் கொடுங்கள். தமிழ் எழுத்துருவை முதன்மை எழுத்துருவாக வைக்காதீர்கள். வைத்தால் உரையில் வரும் 25 தமிழ் எழுத்துருவின் எண்களாகவும், சமன்பாட்டில் வரும் 25 டெர்மஸ் எண்களாகவும் அச்சாகும். 'இரண்டு வடிவில் எண்கள்' என்ற குறை பிறப்பது இங்கேதான். பல மொழிகளைக் கையாளும் பேபல் தொகுப்பில் தமிழுக்கு மட்டும் தமிழ் எழுத்துருவை அறிவித்து, 'ஆன்சார்' என்ற விருப்பில் 'ஐடிஸ் ஃபான்ட்ஸ்' என்று குறித்துவிட்டால், தமிழ் எழுத்து வரும்போது எழுத்துரு தானாக மாறிக்கொள்ளும். இந்த வசதி லுவா வழியில் மட்டுமே வேலை செய்யும். டெர்மஸ் அருகே தமிழ் பெரிதாகத் தெரிந்தால் 'ஸ்கேல்' விருப்பில் 0.9 அளவில் தொடங்கி, அச்சடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். திரையை நம்ப வேண்டாம்.

அடுத்தது குறிகள். ஒரு குறியின் உருவம் தெரிந்தால் மட்டும் போதாது. சமன்பாட்டில் அது என்ன வேலை செய்கிறது என்பதும் மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். 'எம்' எனப்படும், எழுத்தின் புள்ளி அளவை ஒட்டிய அகலத்தை 18 மியூவாகப் பிரித்து, கூட்டல் கழித்தல் போன்ற செயலிகளின் இருபுறமும் 4 மியூவும், சமம், சிறியது, பெரியது போன்ற உறவுக் குறிகளின் இருபுறமும் 5 மியூவும், காற்புள்ளிக்குப் பின் 3 மியூவும் இடம் விடுவது டெக்கின் வழக்கம். வகை தவறினால் இடைவெளியும் தவறும்.

நம் ஊர் எண்களில் இது உடனே தெரியும். கணிதப் பகுதிக்குள் 1,00,000 என்று அடித்தால் ஒவ்வொரு காற்புள்ளிக்குப் பின்னும் இடைவெளி விழுந்து, மூன்று தனி எண்கள் போலத் தோன்றும். காற்புள்ளியை நெளிவு அடைப்புக்குள் வைத்தால் அது சாதாரண எழுத்தாகிவிடும், இடைவெளி போய்விடும். ஆவணம் முழுக்கக் காற்புள்ளியின் வகையையே மாற்றிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் (3, 4) என்ற புள்ளியின் ஆயத்தொலைவுகள் ஒட்டிக்கொள்ளும். லட்சக் கணக்கு எண்களுக்கு ஒரு சிறு கட்டளை வரையறுத்துக்கொள்வதே நல்லது.

மட்டுமதிப்புக் கோட்டிலும் இதே கோளாறுதான். விசைப்பலகையில் உள்ள செங்குத்துக் கோட்டை அப்படியே போட்டால் அது திறக்கிறதா மூடுகிறதா என்று மென்பொருளுக்குத் தெரியாது. பின்னால் வரும் கழித்தல் குறியை இரண்டு உறுப்புகளுக்கு இடைப்பட்ட செயலி என்று எடுத்துக்கொண்டு இருபுறமும் இடம் விட்டுவிடும். 'எல்வெர்ட்', 'ஆர்வெர்ட்' என்ற இணை அதைத் தீர்க்கும். கணக் குறியீட்டில் 'இப்படிப்பட்ட' என்று படிக்கும் கோட்டுக்கு 'மிட்'. சார்பை எழுதும்போது வரும் முக்காற்புள்ளிக்கு 'கோலன்'. வெறும் முக்காற்புள்ளி விகிதக் குறியாகக் கருதப்பட்டு இருபக்கமும் அகலும். வெக்டருக்கு 'வெக்' என்ற அம்பு ஓரெழுத்துக்கு மட்டுமே பொருந்தும். ஏபி போல இரண்டு எழுத்துக்கு அதைப் போட்டால் குட்டி அம்பு நடுவில் தொங்கும். அங்கே 'ஓவர்ரைட்ஏரோ' வேண்டும்.

எழுத்துருவில் ஒரே ஒரு குறி பிடிக்கவில்லை என்றால் எழுத்துருவையே மாற்ற வேண்டியதில்லை. 'செட்மேத்ஃபான்ட்' கட்டளையின் 'ரேஞ்ச்' விருப்பில் அந்தக் குறியை மட்டும் எழுதி வேறு கணித எழுத்துருவைக் கொடுக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. கடைசியாக ஏற்றிய எழுத்துருவின் அளவுகள் முழு ஆவணத்துக்கும் ஒட்டிக்கொண்டு, அடிக்குறிகள் இடம் மாறுவதுண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில் மூல எழுத்துருவை ஏதேனும் ஒரு குறிக்கு, வழக்கமாகத் தொகையீட்டுக் குறிக்கு, மீண்டும் அறிவித்தால் சரியாகிவிடும். தடித்த எழுத்துக்குப் பழைய பிஎம் தொகுப்பை யூனிகோட்-மேத்தோடு கலக்காதீர்கள், 'சிம்பிஎஃப்' இருக்கிறது.

பழைய பிடிஎஃப்லேட்டெக்கை விட முடியாதவர்களுக்கு: அங்கே கணித எழுத்துருக் குடும்பங்கள் 16 மட்டுமே, ஒவ்வொன்றிலும் 256 இடம். தொடக்கத்திலேயே 4 நிரம்பிவிடும், ஏஎம்எஸ் குறிகள் இன்னும் 2 எடுக்கும். ஒரு குறிக்காக ஒரு குடும்பம் என்று இழுத்துக்கொண்டே போனால் 'கணித எழுத்து வகைகள் மிகுந்துவிட்டன' என்ற பிழையோடு ஓட்டம் நிற்கும். பிஎம் தொகுப்பை ஏற்றும் முன் 'பிஎம்மேக்ஸ்' மதிப்பை 0 என வைத்தால் சில இடங்கள் மீளும்.

கணிதத்துக்குள் தமிழ் வருவதுதான் நம்மவர்களை அதிகம் வாட்டுவது. கணிதப் பகுதியில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிப் பொருளாக அமைக்கப்படுகிறது. 'கொ' என்பதில் கொம்பை முன்னுக்கும் காலைப் பின்னுக்கும் கொண்டுபோகும் வேலை அங்கே நடக்காது. அதற்கு மேல், கணித எழுத்துருவில் தமிழ் இல்லாததால் எழுத்து காணாமலும் போகும். ஆகவே தமிழ்ச் சொல் எப்போதும் 'டெக்ஸ்ட்' கட்டளைக்குள் இருக்கட்டும். 'எம்பாக்ஸ்' போட்டால் சொல் சரியாக வரும், அடிக்குறியில் மட்டும் சுருங்காமல் முழு உயரத்தில் நிற்கும். தேற்றத்தின் உரை சாய்ந்த எழுத்தில் இருந்தால் 'டெக்ஸ்ட்' அந்தச் சாய்வையும் வாங்கிக்கொள்ளும். தமிழுக்குச் சாய்வு அழகில்லை என்பது எங்கள் கருத்து. அங்கே 'டெக்ஸ்ட்நார்மல்' போடுங்கள். மீ.பொ.ம, மீ.பொ.வ போன்ற சுருக்கங்களை 'டிக்ளேர்மேத்ஆபரேட்டர்' வழியாக, உள்ளே 'டெக்ஸ்ட்' வைத்து, ஒருமுறை வரையறுத்துவிட்டால் சைன், காஸ் போலவே முன்பின் இடைவெளியோடு அமையும். 10 புள்ளி எழுத்தில் அடிக்குறி 7 புள்ளி, அதற்கும் அடிக்குறி 5 புள்ளி. ஆங்கில எழுத்துக்கு 7 போதும். சுழிகள் நிறைந்த 'ண', 'ணை' அந்த அளவில் மைத்துளியாகிவிடும். 'டிக்ளேர்மேத்சைசஸ்' கட்டளையில் 10, 10, 8, 6 என்று கொடுங்கள்.

எழுத்து காணாமல் போனால் லேட்டெக் நிற்பதில்லை. பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு, பக்கத்தில் வெற்றிடம் விட்டுச் சென்றுவிடும். வினாத்தாளில் கேள்வியே இல்லாமல் போகும் விபத்துக்கு இது போதும். 'ட்ரேசிங்லாஸ்ட்சார்ஸ்' மதிப்பை 3 என்று வையுங்கள். டெக்லைவ் என்ற லேட்டெக் நிறுவல் தொகுப்பின் 2021 பதிப்பு முதல் இந்த மதிப்பு காணாத எழுத்தைப் பிழையாகவே காட்டி ஓட்டத்தை நிறுத்தும்.

வேர்டில் தட்டச்சு செய்பவர்களுக்குச் சுருக்கமாக: ஆல்ட் விசையோடு சமக்குறி அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும்; சிறுகோட்டை அங்கே அடித்தால் கழித்தல் குறியாகவே மாறும். தமிழ்ச் சொல்லைத் தேர்ந்து 'நார்மல் டெக்ஸ்ட்' பொத்தானை அழுத்த வேண்டும். கேம்பிரியா மேத்தைப் பத்தியின் எழுத்துருவாக வைத்தால் வரி இடைவெளி பல மடங்கு அகலும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், எழுத்துருவை மாற்றினால் போதும். 2018 ஜனவரியில் நீக்கப்பட்ட பழைய ஈக்வேஷன் எடிட்டரில் செய்த வினா வங்கிகளைப் புதிய வேர்டில் திறந்தால் சமன்பாடு தெரியும், அந்த எடிட்டரில் திருத்த முடியாது. அவற்றைப் படமாக ஒட்டி ஒட்டி மறுபதிப்பு போடுவதால்தான் நம் வழிகாட்டிகளில் பல சமன்பாடுகள் மங்கலாக இருக்கின்றன. மேத்டைப் போன்ற சமன்பாட்டு மென்பொருளில் திறந்து திருத்தலாம், இல்லையென்றால் மறுபடி அடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கணித நூல் அச்சமைப்பாளர்கள்,
சென்னை