பதினெட்டு வயது வரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். "படிக்க மனமில்லாத பிள்ளைகளைச் சட்டம் போட்டு 18 வயது வரை உட்கார வைத்து என்னம்மா பயன்?" என்று கேட்டாயே, அது போனில் பேசி முடிகிற விஷயமில்லை.

நீ வேலை செய்கிற இங்கிலாந்திலேயே பார். பள்ளியை விடும் வயதை 1947-இல் 15 ஆக்கினார்கள், 1972-இல் 16 ஆக்கினார்கள். இன்று 15 வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பலாம் என்று அங்கே யாராவது வாய் திறப்பார்களா? 2008-இல் போட்ட சட்டத்தின்படிதான், படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டிய வயது 2013-இல் 17 ஆகி, 2015-இல் 18 ஆனது. அதுவும் வகுப்பறையிலேயே கிட என்று சொல்லவில்லை. தொழில் பழகலாம், வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகவும் படிக்கலாம். உன் மாணவர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது உட்கார வைத்து விளக்கியிருப்பார்கள்?

நம் நாட்டில் 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். நான் வருகைப் பதிவேடு எழுதிய காலம் உனக்குத் தெரியும். ஒரு பெயருக்கு நேரே, வரவில்லை என்பதற்கான 'ஆ' வரிசையாக விழும். ஒரு வாரம், இரண்டு வாரம். அப்புறம் அந்தப் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள். வீட்டில் நிறுத்தினார்கள், நின்றுவிட்டார்கள். சட்டம் பக்கத்தில் நின்றிருந்தால் "இன்னும் வயதாகவில்லை" என்று அவர்களுக்காக நானாவது வாதாடியிருக்க முடியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் உன் கோபம் எனக்கும் உண்டு. வசதியில்லாத பிள்ளைகளுக்கு வாரம் 30 பவுண்டு வரை கிடைத்துவந்த உதவித்தொகையை இங்கிலாந்தில் 2011-இல் நிறுத்தினார்கள். வயதை உயர்த்தப் போகிற நேரத்தில்! வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் அது தொடர்கிறது. "படிப்பில் இரு" என்று சொல்கிற அரசு, இருப்பதற்கான செலவையும் பார்க்க வேண்டாமா?

தினமும் தாமதமாக வந்து மேசையில் தலை சாய்க்கிறான் என்றாயே ஒரு பையன், அவனிடம் பஸ் கட்டணத்துக்கு என்ன செய்கிறான், இரவில் எங்கே வேலைக்குப் போகிறான் என்று தனியாகக் கேள். இப்போது கல்லூரி வழியாகக் கொடுக்கிற உதவிப் பணத்துக்கு அவன் விண்ணப்பித்தானா என்றும் பார். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா