உள்ளே விட்ட இரண்டு அங்குலம்

பிரியமுள்ள மகளுக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் தேவ கிருபையால் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. சொன்னால் கேட்காமல் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

நேற்று ராத்திரி போனில் நீ அழுதபோது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "ஜெபம் பண்ணு பிள்ளே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். விடிகிறவரை தூக்கம் வராமல் கிடந்தேன். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும், அதனால் எழுதுகிறேன்.

கூட்டத்தில் "முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றபோது, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தேன் என்று சொன்னாய். திங்கட்கிழமை உன் காப்பீட்டு ஆபீஸில் முதல் பைலைத் திறந்ததும் கை ஓடவில்லை என்றாய். "நாள் முழுக்க ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து, பஞ்சுக்குக் காசு கிடையாது, கையுறைக்குக் காசு கிடையாது என்று வெட்டிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு யாருக்கும் இது நினைவிருக்காது. இதற்காகவா ஆண்டவர் என்னைப் படைத்தார்?" என்று கேட்டாய்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் உன்னை உண்மையிலேயே ஊழியத்துக்கு அழைத்தால் நானும் அப்பாவும் குறுக்கே நிற்க மாட்டோம். அன்னாள் சாமுவேலைச் சீலோவில் விட்டுவிட்டு வந்தாள். எனக்கும் அந்த மனசு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஆனால் நேற்று நீ பேசினதில், ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்கிற தாகத்தைவிட, இருக்கிற இடத்தை விட்டு ஓட வேண்டும் என்கிற தவிப்புதான் அதிகம் இருந்தது. உன்னைப் பெற்றவள், குரலில் எனக்குத் தெரியும்.

பிரசங்கி புத்தகத்தைச் சொன்னாய், மாயை, மாயை, எல்லாம் மாயை என்று. பெண்கள் சங்க வேதபாடத்தில் முன்பு எங்கள் சேகர குருவானவர் ஒன்று சொல்லிக்கொடுத்தார். எபிரெயுவில் அந்த இடத்தில் இருக்கிற சொல்லுக்கு மூச்சுக்காற்று, ஆவி என்பதுதான் நேர்ப்பொருளாம். பதநீர் காய்ச்சும்போது தாச்சியிலிருந்து எழும்புகிற ஆவியை நீ சின்னப் பிள்ளையில் கையால் பிடிக்கப் பார்ப்பாயே, அதுதான். ஆவி பொய் இல்லை. வாசனை வரும், முகத்தில் சுடும். பிடித்து வைக்கத்தான் முடியாது. நம் வேலையும் அப்படித்தான் என்று பிரசங்கி சொல்கிறான். அப்படிச் சொன்ன அதே ஆள்தான் ஒன்பதாம் அதிகாரத்தில், "செய்யும்படி உன் கைக்கு நேரிடுவது எதுவோ, அதை உன் பெலத்தோடே செய்" என்கிறான்.

மூன்றாம் அதிகாரம் பதினோராம் வசனத்தையும் எடுத்துப் பார். நம் பழைய பைபிளில் "உலகத்தையும் அவர்கள் உள்ளத்திலே வைத்திருக்கிறார்" என்று இருக்கும். அந்த 'உலகம்' என்கிற இடத்தில் உள்ள எபிரெயுச் சொல்லுக்கு 'நித்தியம்' என்றும் பொருள் உண்டு. நித்தியத்தை உள்ளே வைத்துவிட்டு, கையில் ஆவியைப் போன்ற வேலையைக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் உனக்கு வருகிற அந்த வலி, விசுவாசம் குறைந்துபோனதால் வருவது இல்லை மகளே. அவர் வைத்ததுதான் உள்ளே கிடந்து வலிக்கிறது.

இனி, இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு. நம் தெருவுக்கு மேற்கே இருந்த வீட்டில் ஏழு வயசுப் பிள்ளை ஒன்று காய்ச்சலில் இறந்துபோனது. உன்னோடு விளையாட வரும், உனக்கு முகம் நினைவிருக்குமோ என்னவோ. ராத்திரி பத்தரை மணிக்கு அதன் சித்தப்பா கதவைத் தட்டினார். அடக்கத்துக்குக் கவுன் தைக்க, கடைக்காரரை எழுப்பி வாங்கின வெள்ளைத் துணி ஒரு கையில், அளவுக்கு அந்தப் பிள்ளையின் ஸ்கூல் யூனிபார்ம் இன்னொரு கையில். "காலையில வேணும்க்கா. சும்மா இழுத்து விட்டாப் போதும்" என்றார். அவரால் அதற்குமேல் பேச முடியவில்லை.

அளவு எடுக்க யூனிபார்மை விரித்தேன். பாக்கெட்டில் ஐந்து புளியங்கொட்டை இருந்தது. அதை யாரிடமும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்றைக்கும் மெஷின் டிராயரில் பாபின் டப்பாவுக்குள் இருக்கிறது.

துணியை வெட்டினேன். வளருகிற பிள்ளைக்குத் தைக்கும்போது பக்கவாட்டிலும் கீழ் மடிப்பிலும் துணி விட்டுத்தான் வெட்டுவேன், அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. இருபது வருஷப் பழக்கம். அன்றைக்கும் கை தானாகக் கீழே இரண்டு அங்குலம் விட்டு வெட்டிவிட்டது. வெட்டின பிறகுதான் உறைத்தது. இந்தப் பிள்ளை இனி வளரப் போவதில்லை. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அப்பா எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அப்போது எனக்குள் கேட்டது நீ நேற்றுக் கேட்ட அதே கேள்விதான். நாளை நான்கு மணிக்கு மண்ணுக்குள் போகிற துணிக்கு எதற்கு ஹெம்மிங், எதற்குக் கழுத்துப் பட்டி, எதற்கு சுருக்கம்? யார் பார்க்கப் போகிறார்கள்? நான் தைத்ததிலேயே இதைவிடச் சீக்கிரம் அழியப்போகிற தையல் வேறு இல்லை.

அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறியவில்லை. உள்ளே மடித்து, கையாலேயே ஹெம்மிங் போட்டேன். கைக்குச் சுருக்கம் வைத்தேன். முதுகில் சின்னப் பட்டன் நான்கு வைத்து, காஜாவும் கையால் எடுத்தேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியாது. விடியற்காலை மூன்றரைக்கு இஸ்திரி போட்டு முடித்தேன்.

மறுநாள் அடக்க ஆராதனையில் குருவானவர் 1 கொரிந்தியர் பதினைந்தாம் அதிகாரத்தை வாசித்தார். எத்தனையோ அடக்கத்தில் கேட்டதுதான். "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." அதைக் கேட்டு எல்லோரும் அழுதோம். மரணமே, உன் கூர் எங்கே என்கிற இடத்தோடு அதிகாரம் முடிந்துவிட்டதுபோல எனக்கு எப்போதும் தோன்றும். அன்றைக்குத்தான் கடைசி வசனம் காதில் விழுந்தது. "ஆகையால், எனக்குப் பிரியமான சகோதரரே, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று அறிந்து..."

ஆகையால் என்று தொடங்குகிறது பார். ஐம்பத்தேழு வசனம் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஆகையால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று பவுல் சொல்லவில்லை. வேலையைப் பற்றிப் பேசுகிறார். இயேசு கல்லறையிலிருந்து எழுந்தது மெய் என்றால், அவருக்குள் நாம் படுகிற பாடு எதுவும் மண்ணோடு முடிந்துபோகாது. அது எப்படி, என்ன உருவத்தில் திரும்ப வரும் என்று எனக்குத் தெரியாது. பெட்டியை மூடும்போது அந்தத் தாய் கவுனின் கீழ் மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளும் தையல் தெரிந்தவள். உள்ளே துணி விட்டிருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் பைபிள் வாசிக்கிறதே மாறிப்போனது. யாத்திராகமம் இருபத்தெட்டாம் அதிகாரத்தை அதுவரை வேகமாகத் தாண்டிப் போவேன். அதில் மூன்றாம் வசனம், ஆரோனுக்கு வஸ்திரம் செய்கிறவர்களை "ஞானத்தின் ஆவியால் நிரப்பின" என்று சொல்கிறது. துணி வெட்டித் தைக்கிறவர்களை! அப்போஸ்தலர் ஒன்பதில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளைச் 'சீஷி' என்று சொல்லியிருக்கிறது. புதிய ஏற்பாட்டில் ஒரு பெண்ணை அந்தச் சொல்லால் குறிப்பிடுகிற இடம் அது ஒன்றுதானாம். அவள் என்ன பிரசங்கம் பண்ணினாள்? ஒரு வரி இல்லை. விதவைகள் அழுதுகொண்டு பேதுருவிடம் காட்டினது அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளை.

உன் பூட்டி லேஸ் பின்னினவள் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? திண்டில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றின நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. நாகர்கோவிலில் மிஷனெரி மால்ட் அம்மையார் தொடங்கினதை, அவர் மகள் எலைசா அம்மாள் கால்டுவெல் ஐயரைக் கல்யாணம் முடித்து வந்தபோது இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். அந்த லேஸ் பெண்களுக்குச் சொந்தமாக நான்கு காசைக் கொடுத்தது. இடையன்குடி கோயிலைக் கட்டி முடிக்க 33 வருஷம் ஆனது, 1880ல்தான் பிரதிஷ்டை. முதல் வருஷம் கல் சுமந்த எத்தனையோ பேர் கூரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினபோது, இந்தியர்களின் பணத்தில், இந்திய ஊழியர்களைக் கொண்டு, இந்தியர்களே நடத்த வேண்டும் என்பதுதான் கொள்கை. அந்தப் பணம் எங்கிருந்து வந்திருக்கும்? பனை ஏறின வீடுகளிலிருந்தும், கருப்பட்டி காய்ச்சின கைகளிலிருந்தும்தானே. அந்தச் சங்கத்திலிருந்து தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனவர்கள் ஊழியக்காரர்கள்தான், சந்தேகமில்லை. இங்கே பனையடியில் நின்றவர்களை மட்டும் நாம் ஏன் வேறாக எண்ண வேண்டும்?

கொலோசெயர் மூன்றில் "எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்கிற வசனத்தை நீ ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கினாய். அது யாருக்கு எழுதினது என்று பார்த்திருக்கிறாயா? மேல் வசனம் "வேலைக்காரரே" என்று தொடங்கும். அந்தக் காலத்தில் அவர்கள் அடிமைகள். என்ன வேலை செய்யலாம் என்று தேர்ந்தெடுக்க வழியில்லாதவர்கள், தகப்பன் சொத்தில் பங்கு கேட்க முடியாதவர்கள். அவர்களுக்குப் போய் "சுதந்தரமாகிய பலனை", அதாவது பிள்ளைகளுக்கு வருகிற சொத்துப் பங்கை, பெறுவீர்கள் என்று பவுல் எழுதுகிறார். பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த வசனத்தில்தான் அதிகப் பாத்தியதை இருக்கிறது. உன் மேனேஜர் உன்னைப் படுத்துகிற பாட்டை நான் சின்னதாக நினைக்கவில்லை. அந்த இடம் உன் உடம்பைக் கெடுக்கிறது என்றால் வேறு வேலை தேடு. அது வேறு விஷயம். ஆனால் இது ஆண்டவருக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று நினைத்து விட்டுவிடாதே.

அப்பாவுக்குக் கிட்னிக் கல் ஆப்பரேஷன் நடந்தது நினைவிருக்கிறதா? நீ பரீட்சைக்கு ஹாஸ்டலில் இருந்தாய், முழுக்க உனக்குச் சொல்லவில்லை. காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிட்டு "அப்ரூவல் வரவில்லை, அப்ரூவல் வரவில்லை" என்கிற பதிலையே கேட்டுக்கொண்டு இரண்டு நாள் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வலியில் அப்பா சுவரைக் குத்துகிறார். கழுத்தில் கிடந்த செயினை அடகு வைக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு "வந்துடுச்சும்மா" என்றார்கள். அன்றைக்கு எங்கேயோ ஓர் ஊரில், பெயர் தெரியாத யாரோ ஒருத்தர், அப்பாவின் காகிதத்தைக் கவனமாக வாசித்து ஒரு பட்டனை அழுத்தியிருக்கிறார். அந்த ஆளுக்காக அந்த பெஞ்சிலேயே ஜெபித்தேன். அவருக்கு அது தெரியவே தெரியாது.

நீ அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாய் மகளே. பஞ்சுக்கும் கையுறைக்கும் விதி எப்படியோ அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் ஒரு தாள் குறைகிறது என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பாமல், எந்தத் தாள் குறைகிறது என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி எழுதலாம் இல்லையா? எட்டாவது மணி நேரத்தில் வருகிற பைலையும் முதல் பைலைப்போல வாசிக்கலாம். அதை யாரும் பார்க்க மாட்டார்கள். ஹெம்மிங்கையும் யாரும் பார்க்கிறதில்லை.

ஊழியத்தைப் பற்றி அவசரப்பட வேண்டாம். ஒரு வருஷம் ஜெபித்துப் பார்ப்போம், நானும் சேர்ந்து ஜெபிக்கிறேன். அழைப்பு மெய் என்றால் ஒரு வருஷத்தில் அணைந்துபோகாது.

அதுவரை எனக்கு ஓர் உதவி செய். தினமும் ராத்திரி போன் பண்ணும்போது, அன்றைக்கு உன் கைக்கு வந்த பைலில் ஒன்றை மட்டும் சொல். பெயர், ஊர் எதுவும் வேண்டாம், அதை வெளியே சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். "ஒரு தாத்தா, இடுப்பு எலும்பு" என்று சொன்னால் போதும். அப்பாவும் நானும் குடும்ப ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம். நேற்றைக்கே தொடங்கிவிட்டோம், நீ திங்கட்கிழமை திறந்துவிட்டுக் கை ஓடாமல் வைத்த அந்த முதல் பைலுக்காக. அது யாருடையது? என்ன வியாதி? நாளைக்குச் சொல்.

கருப்பட்டி ஒரு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். கோயில் அசன விருந்துக்கு வரும்போது உன் அளவு பிளவுஸைக் கொண்டுவா, போனதடவை பார்த்தபோது மெலிந்திருந்தாய்.

முத்தங்களுடன்,
உன் அம்மா