ஆழியாறு இளநீர்க்கடை அண்ணனுக்கும், அன்றைக்கு ஓடிவந்த எல்லோருக்கும்

வணக்கம்.

ஆழியாறு மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்த எங்கள் தம்பி கண் விழித்துவிட்டான். கால்விரல்களை அசைக்கிறான், கையைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறான். கழுத்து எலும்பில் விரிசல் விழுந்திருந்தும் தண்டுவடத்துக்குச் சேதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி, “ஸ்பாட்ல இவரை யாரு பார்த்துக்கிட்டது?” என்பதுதான். அதற்கான பதிலை ஊரறியச் சொல்ல வேண்டும் என்றே இந்த மடலை எழுதுகிறோம். நடந்ததைத் திரும்ப விவரிக்கவில்லை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை வரை பைக் ஓட்டும் எல்லோருக்கும் அது தெரியும்.

இளநீர்க்கடை அண்ணா, பேரைக் கேட்டதற்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதனால் அண்ணா என்றே எழுதுகிறோம்.

நீங்கள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து முதலில் செய்தது சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தது. சாய்ந்து கிடக்கிற வண்டியில் டாங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசியும், சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். பீடியோடு எட்டிப்பார்த்தவரைத் தள்ளிப் போகச் சொன்னதும் அதனால்தான். அதற்குள் ஒருவர் பதற்றத்தில் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கப் போனார். “இழுக்காதீங்க சாமி, மூச்சு நல்லா வருது. கண்ணாடிய மட்டும் தூக்கி உடுங்க” என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ, முழுமுக ஹெல்மெட் இன்னும் ஒன்றரைக் கிலோ. இத்தனையும் விரிசல் விட்ட கழுத்தெலும்பின் மேல் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கழுத்தில் சிராய்ப்புக்கூட இருக்காது. ஹெல்மெட்டை வெடுக்கென்று இழுத்தால் தலை பின்னால் மடங்கும், கழன்றதும் தொப்பென்று தரையில் விழும். எலும்போடு போக வேண்டிய காயம் தண்டுவடத்துக்குப் போவது அப்படித்தான். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

நீங்கள் தம்பியின் தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, ஹெல்மெட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டீர்கள். முழங்கையை ஊன்றாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கை நடுங்கத் தொடங்கிவிடும். தலையை நேராக்குகிறேன் என்று இழுக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி அசையாமல் பிடித்திருந்தீர்கள், அவ்வளவுதான். தம்பி முனகியபோது, “தலைய ஆட்டாத கண்ணு, ஆமான்னா ஆமான்னு வாயில சொல்லு” என்றீர்கள். கேட்ட கேள்விக்கு வாயால் பதில் வருகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று நிமிடத்துக்கு நிமிடம் பேச்சுக் கொடுத்தே பார்த்துக்கொண்டீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உங்கள் கை நகரவில்லை. சோடா வாங்கி வந்தவரையும் தடுத்தீர்கள். அடிபட்டவருக்கு நினைவு தப்பினால் குடித்தது மூச்சுக்குழலில் இறங்கும், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதும் வயிற்றில் இருப்பது ஆபத்து.

108-இல் வந்த மருத்துவ உதவியாளர் ஹெல்மெட்டைக் கழற்றிய விதத்தையும் இங்கே எழுதிவைக்கிறோம், படிப்பவர்களுக்கு உதவும். நீங்கள் ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் அப்படியே பிடித்திருக்க, அவர் தாடை வாரை அவிழ்த்தார். ஒரு கையின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் தாடையின் இரு பக்கம், இன்னொரு கை பிடரிக்கு அடியில். இப்போது தலையின் பொறுப்பு அவருடையது. அதன் பிறகே நீங்கள் ஹெல்மெட்டின் ஓரங்களை அகட்டி மெல்ல வெளியே நகர்த்தினீர்கள். மூக்கில் இடிக்காமல் வர முதலில் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து, பின்மண்டையைத் தாண்ட முன்பக்கம் சாய்த்து. சாய்ந்தது ஹெல்மெட் மட்டும், தலை சாயவில்லை. கழன்றதும் தலையை மறுபடி நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள், காதை மூடாமல். அவர் கழுத்தை அசையாமல் தாங்கும் காலர் மாட்டினார், பலகையில் ஏற்றினார்கள்.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மூச்சு நின்றுவிட்டாலோ, ஹெல்மெட்டுக்குள் வாந்தியோ ரத்தமோ நிரம்பி மூச்சு அடைத்தாலோ ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. இதே முறையில் இருவராகச் சேர்ந்து உடனே கழற்றியாக வேண்டும். கழுத்தைவிட மூச்சு முக்கியம். எதைச் செய்வது என்று தயங்கினால் 108-இல் பேசுபவரிடமே கேட்கலாம், லைனைத் துண்டிக்க வேண்டாம்.

அண்ணா, இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, எப்போதோ ஊரில் நடந்த முதலுதவி வகுப்பில் என்றீர்கள். அந்த வகுப்பை நடத்தியவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

குடை பிடித்து வெயிலை மறைத்த அம்மா, கசிந்த ரத்தத்தின்மேல் துண்டை வைத்து அழுத்தி, அது நனைந்ததும் எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு துண்டை வைத்த கல்லூரித் தம்பி, இலைக்கொத்தோடு கிளையை ஒடித்து, வளைவு முடிகிற இடத்தில் போடாமல் வளைவு தொடங்கும் முன்பே போட்டுவைத்த லாரி டிரைவர் (இல்லாவிட்டால் இறக்கத்தில் வரும் அடுத்த வண்டி எல்லோர்மேலும் ஏறியிருக்கும்), ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள், வார்டில் இரவெல்லாம் நடந்த செவிலியர்கள், எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் “போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்” என்று யாரோ பின்வாங்கியபோது, “அதெல்லாம் இல்லைங்க” என்று சொன்ன பஸ் கண்டக்டருக்குத் தனியாக நன்றி. நீங்கள் சொன்னதுதான் சரி. 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற வழிகாட்டுதல்களும், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவும் உதவ வருபவரைக் காக்கின்றன. பேரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

தம்பியின் ஹெல்மெட் எங்களிடம் இருக்கிறது. வெளி ஓட்டில் ஒரு கீறல்தான். உள்துணியை உரித்துப் பார்த்தால், இடது காதுக்கு மேலே தெர்மாகோல் அடுக்கு கட்டைவிரல் அகலத்துக்கு நசுங்கிக் கிடக்கிறது. மண்டை வாங்க வேண்டிய அடியை அது வாங்கியிருக்கிறது. நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது. அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் தடுக்க ஒன்றுமில்லை. அதனால் இதை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ மாட்டோம், ரம்பத்தால் இரண்டாக அறுத்து வகுப்புகளில் காட்டப் போகிறோம். வாரைப் பூட்டியிருந்ததால்தான் அது தலையில் நின்றது. தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்குமேல் தளர்வு கூடாது. பூட்டிய பிறகு பின்விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள், கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கானது அல்ல.

இனி எங்களுடன் மலை ஏறும் ஒவ்வொருவரும் முதலில் ஒருநாள் முதலுதவி வகுப்பில் உட்கார வேண்டும். தலையைப் பிடிப்பதும் ஹெல்மெட்டைக் கழற்றுவதும் கைப்பழக்கம் ஆகும்வரை ஜோடி ஜோடியாகச் செய்து பார்க்க வேண்டும். முன்னால் போகும் வண்டியிலும் கடைசி வண்டியிலும் ஒட்டாத காஸ் துணி, அகலமான பேண்டேஜ், கையுறை, வாரை வெட்டும் மழுங்கல்முனைக் கத்தரி, ஒளிரும் முக்கோணம் இருக்கும். முதல் வகுப்பை ஆழியாற்றிலேயே வைக்கிறோம். அண்ணா, வியாபாரம் கெடாத ஒரு நாளை நீங்களே சொல்லுங்கள். தலையை எப்படிப் பிடிப்பது என்று நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

நன்றியுடன்,
தம்பியின் குடும்பத்தாரும் உடன் பைக் ஓட்டுபவர்களும்