ஊசியோடு முடிவதில்லை தாதியர் பணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநோயிலிருந்து மீள்வோரின் மறுவாழ்வு என்றதும் நாம் மருத்துவரையும் மருந்தையும் பற்றியே பேசுகிறோம். வீடு தேடிவரும் சமூக மனநலத் தாதியர் நம் பேச்சில் இடம்பெறுவதே இல்லை.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மூன்றாம் முறை மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் காதில் கேட்ட குரல்கள் மருந்தால் அடங்கின. ஆனால் குளிக்கவோ அறையை விட்டு வெளியே வரவோ அவனுக்கு மனம் எழவில்லை. இந்நோயில் மருந்துக்கு எளிதில் வசப்படாத பகுதி இதுதான். மாதந்தோறும் ஊசி போட வந்த தாதி, முதலில் அவன் அறைவாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். பின்னர் மின்தூக்கி வரையும், புளோக்கின் கீழ்த்தளம் வரையும், ஒருநாள் உணவங்காடி வரையும் அவனை அழைத்துச் சென்றார். அங்கே காசை அவன் கையில் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தபோதும், பால் சேர்க்காத தேநீரான ‘தே ஓ’வை அவனே வாய்திறந்து கேட்கும்வரை இரண்டடி தள்ளி நின்று பொறுமையாகக் காத்திருந்தார். நானாக இருந்தால் வாங்கிக் கையில் கொடுத்திருப்பேன். அத்தனை ஆண்டுகளும் அதைத்தான் செய்துவந்தேன்.

செய்வினையோ என்று என் அம்மா கேட்டபோதும் அவர் கடிந்துகொள்ளவில்லை. “கோயிலுக்கும் போங்கம்மா, ஊசியையும் விட்டுடாதீங்க” என்று தமிழில் சொன்னார். தூக்கம் குறைவதும் சாப்பாட்டைச் சந்தேகிப்பதும் நோய் திரும்புவதற்கான அறிகுறிகளாக இருக்கலாம் என்று எங்களுக்குக் கற்றுத்தந்தவரும் அவரே.

சிங்கப்பூரில் 7 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புக்கு ஆளாகிறார் என்று 2016ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு கண்டறிந்தது. தேசிய மனநல, நல்வாழ்வு உத்தியும் 2023ல் அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன்வழி சமூகப் பராமரிப்பு விரிவடையும்போது, உணவங்காடியில் செலவான அந்த அரைமணி நேரத்தையும் சிகிச்சையாகவே கணக்கிட வேண்டும். தாதிமை பயிலும் நம் தமிழ் மாணவர்களும் இத்துறைக்குக் கூடுதலாக வரவேண்டும்.

மனநல மருத்துவமனையான மனநலக் கழகம் புவாங்கோக்கிற்கு இடம்மாறியது 1993ல். இன்றும் நம்மில் மூத்தோர் அதை ‘உட்பிரிட்ஜ்’ என்ற பழைய பெயராலேயே குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சித் தாதியருக்குக் கதவைத் திறக்காத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தத் தாதி முதன்முறை வந்தபோது நாங்களும் அவரை வாசலோடு திருப்பி அனுப்பினோம். மறுவாரமே அவர் மீண்டும் வந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஹவ்காங்